மாணவர்களும் ஆசிரியரும் சேர்ந்து செய்யும் வேடக் கவசம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் முதுநகருக்கு அருகே ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருக்கிறேன். எட்டாம், ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் பத்துப் பன்னிரண்டு பேரும் நானும் சனிக்கிழமைப் பிற்பகல்களில் கூடி, ஆண்டு விழா நாடகத்துக்கும் மாறுவேடப் போட்டிக்கும் உடலில் அணியக்கூடிய கவசங்களைச் செய்து வருகிறோம். பெற்றோர், பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள், புதிதாகச் சேரும் பிள்ளைகள் என்று யார் வந்தாலும் ஏறக்குறைய அதே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவற்றை அவர்கள் கேட்டபடியே எழுதி, இதுவரை நாங்கள் கெடுத்துத் தூக்கிப்போட்ட பொருள்கள் கற்றுக்கொடுத்த விடைகளைக் கீழே தந்திருக்கிறேன்.

இது உண்மையான கவசமா, வேஷத்துக்கானதா? இதைப் போட்டுக்கிட்டா அடி படாதா?

வேடத்துக்கானது மட்டுமே. ஐரோப்பிய வீரர்கள் தலை முதல் கால் வரை அணிந்த எஃகுத் தகட்டுக் கவசம் 15 முதல் 25 கிலோ வரை எடையுள்ளது. நாங்கள் செய்வதில் மார்பு, முதுகு, தோள், முன்கை எல்லாம் சேர்ந்தும் ஒன்றரைக் கிலோவைத் தாண்டுவதில்லை. பத்தாவது வரிசையில் உட்கார்ந்திருப்பவர் அதை இரும்பு என்று நம்பினால் அதன் வேலை முடிந்தது. கம்பால் அடித்தால் உள்ளே இருப்பவருக்கு வலிக்கும், ஒட்டும் பிரியும். செய்து முடித்த தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு அண்ணனின் இரு சக்கர வண்டியில் ஏறிய ஒரு பையனைப் பள்ளி வாசலிலேயே இறக்கியிருக்கிறேன்.

எந்தப் பொருள்ல செய்றீங்க? கடலூர்ல கிடைக்குமா?

கடைக்காரர்கள் ஈ.வி.ஏ. ஃபோம் என்று சொல்லும் தாளில் செய்கிறோம். எத்திலீன் வினைல் அசிட்டேட் என்பது முழுப் பெயர். செருப்பின் அடிப்பாகமும், குழந்தை தவழும் அறையில் ஒன்றோடொன்று கோத்து விரிக்கும் வண்ணப் பாயும் பெரும்பாலும் இதே பொருள்தான். கத்தியால் வெட்டலாம், உப்புத்தாளால் தேய்க்கலாம், சூடேற்றினால் வளையும், ஆறியபின் வளைத்த வடிவிலேயே நிற்கும். இந்தக் கடைசிக் குணத்துக்காகத்தான் இதைத் தேடிப் போகிறோம். யோகா பாயை வாங்கிவிடாதீர்கள். அது பெரும்பாலும் வேறு பிளாஸ்டிக்கில் செய்யப்பட்டிருக்கும், சூட்டில் வடிவம் பிடிக்காது, கெட்ட புகையும் வரும்.

செருப்புத் தொழிலுக்கு மூலப்பொருள் விற்கும் கடைகளில் இந்தத் தாள் பல கனங்களில் கிடைக்கிறது. மார்புக்கும் முதுகுக்கும் 10 மி.மீ., தோளுக்கும் முன்கைக்கும் 6 மி.மீ., விளிம்புக்கும் பூவேலைக்கும் 2 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் போதும். கன மீட்டருக்கு 100 கிலோ அடர்த்தியுள்ள தாள் என்றால், 6 மி.மீ. கனத்தில் ஒரு சதுர மீட்டர் 600 கிராம்தான் இருக்கும். வார், பக்கிள், வெல்க்ரோ ஆகியவற்றுக்குப் பை தைக்கும் கடையை நாடலாம். புதுச்சேரிக்குப் போகிறவர்களிடம் மகாத்மா காந்தி சாலை ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய முதுகுப் பைகளை வாங்கி வரச் சொல்வேன்; ஒரு பையைப் பிரித்தால் ஒரு கவசத்துக்கு வேண்டிய வார் முழுவதும் கிடைத்துவிடும்.

தெர்மாகோல் இன்னும் மலிவாச்சே சார்? அட்டைப் பெட்டி சும்மாவே கிடைக்குதே?

அட்டையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். முதல் முறை செய்கிறவர்கள் முழுக் கவசத்தையும் ஒரு தடவை அட்டையிலேயே செய்து பார்க்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அட்டையில் தவறு செய்தால் காசு போகாது. புதுச்சேரிப் பகுதியில் திருக்கனூரின் காகிதக்கூழ்க் கைவினைக்குப் புவிசார் குறியீடே உண்டு. கூழில் செய்த முகமும் கிரீடமும் எவ்வளவு உறுதியாக நிற்கும் என்பதை அங்கே காணலாம். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் நம் கடற்கரைக் காற்றில் இருக்கும் ஈரம், சாதாரணப் பெட்டி அட்டையை ஒரே வாரத்தில் அப்பளம்போல் நமுத்துப்போகச் செய்துவிடும்.

தெர்மாகோல் வேண்டவே வேண்டாம். மேடை அலங்காரத்துக்கு அது நல்ல பொருள், உடலில் அணிவதற்கு அல்ல. குனிந்தால் உடையும், சூடு பட்டால் சுருங்கும், ரப்பர் பசையில் உள்ள கரைப்பான் பட்ட இடம் குழியாக உருகிவிடும்.

முதல் வேலை என்ன? தாளை வாங்கினதும் வெட்ட ஆரம்பிச்சிடலாமா?

கூடாது. எங்கள் நேரத்தில் பாதி, அளவுக் காகிதத்துக்கே போகிறது. இணையத்தில் கிடைக்கும் வெட்டுப் படங்களை அச்செடுத்து அப்படியே வெட்டியவர்களின் கவசம், அந்தப் படத்தை வரைந்தவரின் உடம்புக்குத்தான் பொருந்தும். கர்ணனைப் போல் உடலோடு பிறந்த கவசத்துக்கு மட்டும்தான் அளவெடுக்கத் தேவையில்லை.

அளவெடுக்கும் முறை எளிது. அணியப் போகிறவர், கிழித்தாலும் பரவாயில்லை என்ற பழைய பனியன் ஒன்றைச் சட்டைக்கு மேல் போட்டுக்கொண்டு நேராக நிற்கிறார். இரண்டு பேர் அந்தப் பனியன்மீது காகித ஒட்டுநாடாவைத் துண்டு துண்டாக ஒட்டி, உடம்பின் மேடு பள்ளம் தெரியும்படி ஆமையோடுபோல் கெட்டியாக்குகிறார்கள். நாடாவை இறுக்கிச் சுற்றக்கூடாது, மூச்சை இழுத்து விடச் சொல்லிக்கொண்டே ஒட்ட வேண்டும். பிறகு தொண்டைக் குழியிலிருந்து தொப்புள் வரை நடுக்கோடு, அக்குளைச் சுற்றிக் கைவளைவு, விலாவில் பக்கக்கோடு என்று ஸ்கெட்ச் பேனாவால் வரைந்து, கோடுகளுக்குக் குறுக்கே சிறு சிறு குறிகள் இட்டு, பக்கக்கோட்டில் நுனி மழுங்கிய கத்தரிக்கோலால் வெட்டி எடுக்கிறோம். தட்டையாகப் படியாத இடங்களில் கத்தரித்து விரித்தால் அதுவே வெட்டுக் காகிதம். குறுக்குக் குறிகளை விட்டுவிட்டால், ஒட்டும்போது எந்த விளிம்பு எந்த விளிம்போடு சேர வேண்டும் என்று தெரியாமல் அரை நாள் தடுமாற வேண்டியிருக்கும்.

பிள்ளைங்களுக்குத்தானே நாடகம்? உங்களுக்கு எதுக்கு சார் கவசம்?

இந்தக் கேள்வியைத் தலைமை ஆசிரியரும் கேட்டார். பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகள் வளர்கிறார்கள். ஜூலையில் எடுத்த அளவு ஜனவரி ஆண்டு விழாவுக்குப் பொருந்தாது என்பதை ஒரு முழு ஆண்டின் உழைப்பை இழந்து தெரிந்துகொண்டோம். என் உடம்பு அப்படி மாறுவதில்லை. அதனால் ஒவ்வொரு புதிய அணியும் தன் முதல் கவசத்தை எனக்குத்தான் செய்கிறது. அதில் தவறுகளைச் செய்து பழகிய பிறகு, விழாவுக்கு ஆறு வாரம் இருக்கும்போது தங்கள் அளவை எடுக்கிறார்கள். அப்போதும் விலா இரண்டிலும் ஒட்டாமல் விட்டு, கயிறு கோத்துக் கட்டும்படி செய்கிறோம். இரண்டு அங்குலம் வரை அதில் ஏற்ற இறக்கம் செய்யலாம்.

வேறொரு பயனும் இருக்கிறது, அதை நான் எதிர்பார்க்கவில்லை. ஆசிரியர் கையைத் தூக்கிக்கொண்டு பொம்மைபோல் நிற்க, மாணவர்கள் அவரைச் சுற்றி வந்து “சார், வயித்தை எக்காதீங்க” என்று அதட்டும் அந்த இருபது நிமிடத்தில் அவர்களுக்கு வேலையில் உரிமை வந்துவிடுகிறது. என் இடத்தோள் வலத்தோளைவிட ஒரு விரற்கடை தாழ்ந்திருப்பதை எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்திதான் கண்டுபிடித்தாள். இருபது ஆண்டுகளாக ஒரே தோளில் பை மாட்டி வந்ததன் விளைவாக இருக்கலாம். அவள் சொன்ன பிறகு சட்டை தைக்கும்போதும் அதைத் தையல்காரரிடம் சொல்லி வருகிறேன்.

பொண்ணுங்களுக்கு அளவு யார் எடுப்பாங்க? அவங்க கவசம் தனி மாதிரி இருக்கணுமா?

அவர்களுக்கு நானோ பையன்களோ அளவெடுப்பதில்லை. தையல் ஆசிரியை இருக்கும் நாளில், தனி அறையில், மாணவியரே ஒருவருக்கொருவர் எடுத்துக்கொள்கிறார்கள். ஒட்டுநாடா முறையை விரும்பாதவர்கள், தங்களுக்கு அளவாக இருக்கும் சுடிதாரின் மேற்சட்டையைக் காகிதத்தில் விரித்து ஓரம் வரைந்து, சுற்றிலும் இரண்டு அங்குலம் கூட்டி வெட்டுகிறார்கள். அதுவே தாராளமாகப் போதும்.

வடிவத்தைப் பொறுத்தவரை, நடுவில் மேடிட்டு இரு பக்கமும் சரியும் ஒரே வளைவுதான் ஆண், பெண் இருவருக்கும். விளையாட்டுப் படங்களில் காட்டுவதுபோல் மார்பை இரண்டு கிண்ணங்களாகப் பிரித்தால், விழும் அடி இரண்டுக்கும் நடுவே வழுக்கி நெஞ்செலும்பில் போய் நிற்கும். கவசத்தின் சரிவு அடியை வெளிப்பக்கம் தள்ளிவிட வேண்டும். எங்களுடையது வேடம்தான் என்றாலும், பார்ப்பவர் கண்ணுக்கு உண்மையாகத் தெரிவது இந்த வடிவமே.

ரெண்டு தோளும் ஒரே மாதிரிதானே? ஒரு படத்தை வச்சு ரெண்டு வெட்டினா போதாதா?

ஒரே படத்தை வைத்து வெட்டலாம். ஆனால் இரண்டாவதை வெட்டும்போது படத்தைக் குப்புறப் போட வேண்டும். இதைச் சொல்லாத சனிக்கிழமை கிடையாது, இருந்தும் எங்கள் அலமாரியில் மூன்று இடத்தோள்கள் வலத்தோள் இல்லாமல் கிடக்கின்றன. வண்ணப் பாய்த் தாளில் ஒரு பக்கம் வழவழப்பு, மறு பக்கம் சொரசொரப்பு என்பதால் வெட்டியதைத் திருப்பிப் போட்டும் சமாளிக்க முடியாது. இப்போது ஒவ்வொரு அளவுக் காகிதத்திலும் ஒரு முகத்தில் “இடம்”, மறுமுகத்தில் “வலம்” என்று எழுதிவிடுகிறோம். என்னைப்போல் தோள் ஏறுமாறாக இருப்பவர்களுக்கு இரண்டு படம் தனித்தனியாகவே வேண்டும்.

கத்தியைப் பிள்ளைங்க கையில கொடுக்கலாமா?

ஒன்பதாம் வகுப்பினருக்குக் கொடுக்கிறேன், எட்டாம் வகுப்பினர் கத்தரிக்கோலால் 2 மி.மீ. தாளை வெட்டுகிறார்கள். மழுங்கிய கத்திதான் ஆபத்தானது. அழுத்தி வெட்டும்போது வழுக்கும். கட்டரின் அலகை ஒரு மார்புப் பலகைக்கு இரண்டு முறையாவது ஒடித்துப் புதிதாக்க வேண்டும். ஒடித்த துண்டுகள் ஒரு மூடியுள்ள டப்பாவில்தான் போக வேண்டும். வெட்டும் திசையில் யாருடைய கையும் இருக்கக்கூடாது, ஒரே அழுத்தில் அறுக்காமல் இரண்டு மூன்று ஓட்டமாக அறுக்க வேண்டும்.

ஹீட் கன் கட்டாயமா? முடி உலர்த்துற மெஷினே வீட்ல இருக்கே?

முடி உலர்த்தும் கருவியின் சூடு 2 மி.மீ. தாளைச் சற்று இளக்கும், 10 மி.மீ. தாளை ஒன்றும் செய்யாது. இஸ்திரிப் பெட்டி தாளை நசுக்கிவிடும். ஹீட் கன்னிலிருந்து வரும் காற்று 300 பாகைக்கு மேல் இருக்கும் என்பதால் அதை நானோ, நான் பக்கத்தில் நிற்கும்போது ஒன்பதாம் வகுப்பு மாணவர் ஒருவரோ மட்டுமே பிடிக்கிறோம். ஓரிடத்தில் நிறுத்தாமல், வீட்டுக்கு வெள்ளையடிப்பதுபோல் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். மங்கலாக இருந்த தாளின் முகம் லேசாகப் பளபளக்கத் தொடங்கினால் பதம் வந்துவிட்டது. உடனே துணிக் கையுறையோடு எடுத்து, மார்புப் பலகையை ஒருவர் தொடைமேல் வைத்து வளைத்து, தோளை எவர்சில்வர் குடத்தின் மேல் கவிழ்த்து, சூடு ஆறும்வரை பிடித்திருக்க வேண்டும். குடத்தைக் கொடுத்த அம்மா அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டார். இப்போது அது எங்கள் கருவிப் பட்டியலில் சேர்ந்துவிட்டது.

மின்சாரம் பற்றி ஓர் எச்சரிக்கை. 1800 வாட் கருவி 230 வோல்ட்டில் ஏறக்குறைய 8 ஆம்பியர் இழுக்கும். வகுப்பறைச் சுவரில் மின்விசிறி ஸ்விட்சுக்குப் பக்கத்தில் இருக்கும் சிறிய பிளக் 6 ஆம்பியருக்கானது. முதல் ஆண்டில் இதை யோசிக்காமல் நான் அதில் ஒரு நீட்டிப்புப் பலகையைச் செருகி ஓட்டினேன். பலகை கறுத்து, அறை முழுவதும் ரப்பர் எரிந்த நாற்றம். தவறு முழுக்க என்னுடையது. இப்போது கணினி அறையின் 16 ஆம்பியர் பிளக்கில், நீட்டிப்பு இல்லாமல்தான் வேலை.

அந்தப் பசை வாசனை பிள்ளைங்களுக்கு ஆகுமா? மயக்கம் வரும்னு சொல்றாங்களே?

சரியான கவலை. செருப்புக் கடையில் பயன்படுத்தும் ரப்பர் பசையில் டொலுயீன் போன்ற கரைப்பான்கள் இருக்கின்றன. அவற்றின் ஆவி தலைவலியும் மயக்கமும் தரும். அதைப் போதைக்காக முகர்ந்து கெட்டுப்போகும் பிள்ளைகள் இருப்பதும் பெற்றோருக்குத் தெரிந்த செய்திதான். எனவே பசை டின் என் பூட்டிய அலமாரியில் இருக்கிறது. அன்றைய வேலைக்கு வேண்டியதை ஒரு சிறு குப்பியில் ஊற்றிக் கொடுத்து, மிச்சத்தை நானே திரும்ப வாங்கி வைக்கிறேன். பசை பூசுவது வராந்தாவில் மட்டும். ஹீட் கன் அறைக்குள். ஆவி தீப்பற்றும் என்பதால் இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் நடக்காது.

முகக்கவசம் போட்டால் போதுமா என்று உடனே கேட்பார்கள். என்-95 முகக்கவசம் உப்புத்தாள் தேய்க்கும்போது பறக்கும் தூளைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. ஆவிக்குத் திறந்தவெளிதான் மருந்து.

ஒட்டினது ரெண்டே நாள்ல வாய் பிளந்துக்குது. நல்ல பசைதான் வாங்கினோம்.

நூற்றுக்குத் தொண்ணூறு தடவை அவசரம்தான் காரணம். இந்தப் பசையை இரு விளிம்பிலும் மெல்லிதாகப் பூசி, பத்துப் பதினைந்து நிமிடம் காத்திருந்து, விரலில் ஒட்டாத பதத்தில் சேர்த்து அழுத்த வேண்டும். ஈரமாகச் சேர்த்தால் பிடிக்காது. பிடித்துவிட்டால் நகர்த்த முடியாது, எனவே முன்பு சொன்ன குறுக்குக் குறிகளை ஒன்றுக்கொன்று பொருத்திக்கொண்டு ஒரு முனையிலிருந்து தொட வேண்டும். விளிம்பை நேராக வெட்டினோமா, சாய்வாக வெட்டினோமா என்பதையும் பாருங்கள். இரண்டு துண்டுகள் செங்கோணத்தில் சேர வேண்டுமானால் ஒவ்வொன்றையும் 45 பாகை சாய்த்து வெட்டினால்தான் முகத்தோடு முகம் படியும்.

மழைக்காலத்தில் எல்லாம் சரியாகச் செய்தும் பிரியும். கரைப்பான் ஆவியாகும்போது பசையின் மேற்பரப்பு குளிர்கிறது. காற்றில் ஈரம் மிகுந்திருந்தால், குளிர்ந்த தண்ணீர் டம்ளரின் வெளிப்பக்கம் வியர்ப்பதுபோல், கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் அதன்மேல் படிந்துவிடுகிறது. தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும், ஆனால் பசை பசையைத் தொடாது. வெயில் அடிக்கும் நாளில் தாள்களை முற்றத்தில் வைத்து வெதுவெதுப்பாக்கிக்கொண்டு முற்பகலிலேயே ஒட்டிவிடுங்கள். அடைமழை நாளில் வெட்டும் வேலை, வரையும் வேலையை வைத்துக்கொள்ளுங்கள்.

இரும்பு மாதிரி எப்படி சார் வருது? வெள்ளி பெயிண்ட் அடிச்சா பொம்மை மாதிரிதான் இருக்கு.

வெள்ளியை முதலில் அடிப்பதால்தான் பொம்மையாகிறது. சூடேற்றி மேற்பரப்பின் நுண்துளைகளை மூடிய தாளில், மரம் ஒட்டும் வெள்ளைப் பசையைச் சம அளவு தண்ணீரில் கரைத்து மூன்று பூச்சுப் பூசுங்கள். காய்ந்தபின் முழுவதும் கறுப்பு அக்ரிலிக். அதற்குமேல், தூரிகையில் வெள்ளியைத் தொட்டு, பழைய துணியில் கிட்டத்தட்ட முழுவதும் துடைத்துவிட்டு, மிச்சமிருக்கும் உலர்ந்த தூரிகையால் மேடுகளை மட்டும் வருட வேண்டும். பள்ளங்களில் கறுப்பு நிற்கும், மேடுகள் தேய்ந்த இரும்புபோல் மின்னும். அகல்விளக்கின் கரிபோல் ஓரங்களில் கொஞ்சம் பழுப்பும் தடவினால் இன்னும் நல்லது. கதவுக்கு அடிக்கும் எனாமல் வேண்டாம். தாள் வளையும்போது அது வெடித்து உதிரும். வெள்ளைப் பசை நீரில் இளகும் என்பதால் கடைசியாக ஒரு பூச்சு வார்னிஷ் அவசியம்.

சங்கிலிச் சட்டை செய்ய முடியுமா?

கம்பியை வளையமாக்கி, ஒவ்வொரு வளையத்தையும் நான்கு வளையங்களோடு கோக்க வேண்டும். ஒரு சட்டைக்கு ஆயிரக்கணக்கில் தேவைப்படும். பள்ளி ஆண்டில் அது முடியாது. தடித்த சணல் நூலைப் பெரிய ஊசியால் தளர்வாகப் பின்னி, மேலே சொன்ன கறுப்பு–வெள்ளி முறையில் தீட்டினால் மேடைக்குப் போதும். நாடகக்காரர்கள் நெடுநாளாகச் செய்துவரும் உத்தி இது.

எல்லாம் அழகா வந்திருக்கு, ஆனா போட்டா கையைத் தூக்க முடியல, உட்கார முடியல.

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி, ஏனென்றால் பலர் இதைக் கேட்காமல் விழா நாளில் அழுகிறார்கள். உடம்பு நிற்கும்போது ஓர் அளவு, அசையும்போது வேறோர் அளவு. எனவே அட்டை மாதிரியை அணிந்துகொண்டு ஐந்து காரியங்களைச் செய்து காட்டச் சொல்கிறேன்: இரு கையையும் தலைக்குமேல் தூக்குவது, சம்மணமிட்டு உட்காருவது, தரையில் கிடக்கும் சாக்பீஸை எடுப்பது, மாடிப்படி ஏறுவது, திரும்பிப் பின்னால் நிற்பவரைப் பார்ப்பது. எது தடுக்கிறதோ அந்த இடத்தை அங்கேயே கத்தரிக்கிறோம். ஃபோமுக்குப் போன பிறகு இந்தச் சோதனை செய்து பயனில்லை.

திருத்த வேண்டிய இடங்கள் பெரும்பாலும் மூன்றுதான். மார்புப் பலகை இடுப்பெலும்புக்கு மேலேயே, உடம்பு ஒடுங்கும் இடத்தில் முடிய வேண்டும். தொப்புளுக்குக் கீழே இறங்கினால் உட்காரும்போது அது தாடையில் வந்து இடிக்கும். கைவளைவை முன்பக்கம் தைரியமாக ஆழமாக வெட்ட வேண்டும். தோள்தகட்டை மார்பில் ஒட்டவே கூடாது. கழுத்தோரத்தில் ஒரு வாரில் தொங்கவிட்டு, கைப்புறம் நெகிழ்நாடாவால் கட்டினால் கை எழும்போது தகடும் எழும், இறங்கும்போது இறங்கும். மீன் செதில்போல் ஒன்றன்மேல் ஒன்று சரியும் துண்டுகளாகச் செய்துவிட்டால் இன்னும் நல்லது.

நம்ம ஊர்க் கூத்துல கட்டற கிரீடம், புஜகீர்த்தி (தோளணி) மாதிரி செய்யலாமா? தப்பாகாதா?

செய்யலாம். ஆனால் முதலில் போய்ப் பாருங்கள். கடலூர், விழுப்புரம், புதுச்சேரி வட்டாரத்துத் தெருக்கூத்தில் அணியும் கிரீடமும் மார்புப் பதக்கமும் புஜகீர்த்தியும் கல்யாண முருங்கை போன்ற இலேசான மரத்தில் செதுக்கி, வண்ணக் காகிதமும் கண்ணாடித் துண்டும் பதித்துச் செய்யப்படுபவை. அந்த மரக்கட்டை அணிகளைக் கொண்டே கட்டைக்கூத்து என்ற பெயரும் வழங்குகிறது. கண்ணாடி வெறும் அழகுக்கல்ல. குறைந்த வெளிச்சத்திலும் ஆடுபவரின் ஒவ்வோர் அசைவும் பின்வரிசை வரை தெறிக்கிறது. எங்கள் ஃபோம் பதக்கத்தில் நாங்களும் சிறு கண்ணாடிகளைப் பதித்துப் பார்த்தோம், வெள்ளி வண்ணத்தைவிட அது நன்றாகவே எடுத்தது.

கூத்தாடி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் எங்கள் அறைக்கு வந்தபோது, வண்ணத்தைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. ஒவ்வொரு பிள்ளையின் தோள்வாருக்குக் கீழேயும் இரண்டு விரலை நுழைத்துப் பார்த்துக்கொண்டே போனார். விடிய விடியச் சுழன்றாட வேண்டியவர்களுக்கு எடை ஓரிடத்தில் நிற்கக்கூடாது, கட்டு இறுகவும் கூடாது என்பதைக் காட்டிவிட்டுப் போனார். மரபுவழி வேலைப்பாட்டை மாணவர்கள் பார்த்துச் செய்வதில் தவறில்லை. கேட்டுக்கொண்டு செய்ய வேண்டும், யாரைப் பார்த்துக் கற்றோம் என்று மேடையில் சொல்ல வேண்டும், அதை விற்கக்கூடாது. அவர்களுக்கு அது பிழைப்பு.

அரிக்கமேடு பக்கத்துலதானே இருக்கு, ரோமானிய வீரன் வேஷம் போடலாமா?

வேடம் போடலாம், பலகையில் “அரிக்கமேட்டு ரோமானிய வீரன்” என்று எழுத வேண்டாம். 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்தபோது ஆம்போரா சாடிகளும் இத்தாலிய மட்பாண்டங்களும் கிடைத்தன. அவை காட்டுவது வணிகத்தை, படையை அல்ல. அப்படி ஒருவரை மேடையேற்ற வேண்டுமானால் வணிகராகக் காட்டுங்கள், சாடியைத் தூக்கிக்கொண்டு வரட்டும்.

செய்முறையாகப் பார்த்தால் ரோமானியரின் பட்டைக் கவசம் எங்களுக்கு வரப்பிரசாதம். வளைந்த இரும்புப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்று சரியும்படி, உள்ளே தோல்வாரில் பிணைத்தது அது. ஃபோமில் நீளப் பட்டைகள் வெட்டி, உட்புறம் மூன்று வார்கள் ஒட்டினால் முடிந்தது. அசைவுத் தொல்லையும் குறைவு.

செஞ்சி தேசிங்குராஜன் வேஷத்துக்கு எது சரி?

1714இல் ஆர்க்காட்டு நவாபின் படையோடு போரிட்டு இறந்தவர் அவர். ஆகவே இராமாயணப் படத்துத் தங்கக் கவசத்தை அவருக்குப் போடாதீர்கள். அந்தக் காலத்து இந்தியக் குதிரை வீரர்கள் சங்கிலிச் சட்டைக்கு மேல் மார்பு, முதுகு, இரு விலா என நான்கு தகடுகளை வாரால் கட்டிக்கொள்ளும் வழக்கம் இருந்தது. விலாத் தகடுகளில் கைக்காக மேலே ஒரு வளைவு வெட்டியிருக்கும். நான்கும் ஏறக்குறையத் தட்டையான துண்டுகள் என்பதால் முதன்முதலாகச் செய்பவர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன். உள்ளே சணல் பின்னலைப் போட்டுக்கொள்ளலாம்.

த்ரீ டி பிரிண்டர்ல எடுத்துட்டா இவ்வளவு கஷ்டம் இல்லையே?

பக்கிள், பதக்கம் போன்ற சிறியவற்றுக்கு நல்லது. மார்புப் பலகையைத் துண்டு துண்டாக எடுக்கவே பல நாள் ஓடும். வழக்கமான பி.எல்.ஏ. பிளாஸ்டிக் 60 பாகைச் சூட்டிலேயே இளகும், கீழே விழுந்தால் உடையும்.

வெயில்ல பிள்ளைங்க வெந்துட மாட்டாங்களா?

வெந்துவிடுவார்கள். ஃபோம் காற்றை விடாது, சூட்டையும் விடாது. பருத்திப் பனியன்மேல் மட்டும் அணிவது, விலாவை மூடாமல் கயிறு கட்டுவது, முதுகுத் தகட்டுக்கு உள்ளே இரண்டு ஃபோம் துண்டுகளை ஒட்டிக் காற்றுக்கு இடைவெளி விடுவது ஆகிய மூன்றும் ஓரளவு உதவும். இருபது நிமிடத்துக்குமேல் தொடர்ந்து போடவிடுவதில்லை. கத்திரி வெயிலில் ஊர்வலத்துக்குக் கூப்பிட்டால் மறுத்துவிடுகிறேன். குத்துவிளக்கு, ஆரத்தி, பட்டாசு எதற்கும் அருகில் கவசத்தோடு போகக்கூடாது. இந்தப் பொருள் எரியும், உருகிச் சொட்டும். விளக்கேற்றும் காட்சி இருந்தால் கவசம் அணியாதவர் ஏற்றட்டும்.

முடிச்ச கவசத்தை எப்படிக் கொண்டுபோறது, எங்கே வைக்கிறது?

தட்டையாக அடுக்கக்கூடாது. பழைய துணியைச் சுருட்டி உள்ளே திணித்து, மார்பு மேலே பார்க்க வைக்க வேண்டும். ஒரு முறை புதுச்சேரியில் போட்டிக்குப் போனபோது, சாப்பிட்டு வரும்வரை எட்டுக் கவசங்களையும் வேனில் பூட்டி வெயிலில் நிறுத்திவிட்டோம். திரும்பி வந்தபோது தோள்களெல்லாம் தட்டையாக விரிந்து, நடு ஒட்டுகள் வாய் திறந்திருந்தன. ஹீட் கன்னில் வளைந்தது வேனின் சூட்டிலும் வளையும் என்பது அன்று எனக்குத் தோன்றவில்லை. இப்போது பசையும் கட்டரும் அடங்கிய ஒரு டிபன் டப்பா எங்களோடு எங்கேயும் வருகிறது.

மிச்சத் துண்டுகளை எரிச்சிடலாமா?

எரிக்காதீர்கள். தோள்வாருக்கு அடிமெத்தை, முழங்கால் மெத்தை, தலைக்கவசத்தின் உள்பட்டை என்று கையகலத் துண்டுகூட உதவும். எங்கள் அறையின் ஆடும் பெஞ்சுகளின் கால்களுக்கும் அவைதான் முட்டு.

கடைசியில கவசம் யாருக்குச் சொந்தம்? என் பையன் செஞ்சதை வீட்டுக்குக் கொண்டுவரலாமா?

இதுதான் எங்களுக்குள் சண்டை வந்த ஒரே விஷயம். ஒருவர் அளவுக்கு வெட்டியதை நான்கு பேர் ஒட்டி, ஐந்தாவது ஆள் தீட்டியிருப்பார். அணிந்தவருக்குக் கொடுத்தால் தீட்டியவருக்கு வருத்தம், பள்ளியிலேயே வைத்தால் அணிந்தவருக்கு வருத்தம். நிறைய யோசித்து, கவசம் அந்தக் கல்வியாண்டு முடியும்வரை பள்ளியில், பிறகு அணிந்தவருக்கு என்று முடிவு செய்தோம். அளவுக் காகிதத்தை யார் வேண்டுமானாலும் படியெடுத்துக்கொள்ளலாம். முதுகுத் தகட்டின் உட்புறத்தில் வேலை செய்த எல்லாருடைய பெயரும் மார்க்கர் பேனாவால் எழுதப்பட்டிருக்கும். வெட்டியவர், ஒட்டியவர், தீட்டியவர் என்று தனித்தனியாக. எனக்குச் செய்த கவசங்கள் மட்டும் ஓவிய அறை ஆணியிலேயே தொங்குகின்றன. போன ஆண்டுடையதில், பெயர்களுக்குக் கீழே, “இடத்தோள் ஒரு விரற்கடை கம்மி” என்று யாரோ எழுதிவைத்திருக்கிறார்கள்.